பாடகியின் நாவில் சுங்கச்சாவடி

1990-ஆம் ஆண்டு கியூபெக் மாநில இசைத்துறையின் விருது விழாவில் செலின் டியோன் மேடையேறி, தமக்கு அறிவிக்கப்பட்ட ஃபெலிக்ஸ் விருதை ஏற்க மறுத்தார். ஆண்டின் சிறந்த ஆங்கிலமொழிக் கலைஞர் என்பது அவ்விருதின் பெயர். அவர் செய்திருந்த குற்றம் ‘யூனிசன்’ என்னும் ஆங்கில இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது மட்டுமே. அதற்கு முன் வந்த அவருடைய தொகுப்புகள் யாவும் பிரெஞ்சில் அமைந்தவை. இருந்தும், ஒரே ஒரு தொகுப்பு அவரை ஒரு மொழியினத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் பதிவு செய்யப் போதுமானதாயிற்று. பாடிய மொழியையும் பாடியவரின் மொழியினத்தையும் ஒன்றெனக் கொள்ளும் பிழையை விருதுக் குழு செய்தது. பாடகி அதை மேடையிலேயே திருத்தினார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அந்தப் பிழை ஓயவில்லை. இன்று அது விருதுக் குழுவில் மட்டும் இல்லை. இசை விமர்சனத்தில் இருக்கிறது, சமூக மொழியியல் கட்டுரைகளில் இருக்கிறது, கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் ஆய்வுரைகளில் இருக்கிறது. ஒரு பாடகர் எந்த மொழியில் எத்தனை பாடல் பாடினார் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையிலிருந்து அவருடைய அடையாளத்தையும் விசுவாசத்தையும் படித்தறிவது ஆய்வு முறையாகவே ஏற்கப்பட்டுவிட்டது. பாடகியின் நாவில் சுங்கச்சாவடி அமைத்து, உள்ளே செல்லும் சொல்லையும் வெளியே வரும் சொல்லையும் பதிவேட்டில் குறித்துக்கொள்வதற்கு ‘மொழித்தெரிவு ஆய்வு’ என்று பெயர் சூட்டப்படுகிறது.

இந்த முறை எங்கே தோற்கிறது என்பதைக் காட்ட ஒருவருடைய வாழ்க்கையே போதும். கேர் தெ பிராத் என்னும் பெயரில் பாடும் பெயாத்ரிஸ் மார்த்தேன் அவர். ‘கடற்கொள்ளையரின் நெஞ்சம்’ என்பது அப்பெயரின் பொருள்.

அவர் 1989 செப்டம்பர் 22 அன்று மான்ட்ரியால் நகரத்தின் ஊத்ரமோன் பகுதியில் பிறந்தவர். மூன்று வயதில் பியானோவில் கை வைத்தவர். ஒன்பது வயதில் மான்ட்ரியாலிலுள்ள கியூபெக் அரசு இசைப்பள்ளியில் சேர்ந்து ஐந்தாண்டுகள் பயின்றார். வாழ்க்கைக் குறிப்பு எழுதுவோர் இந்தச் செய்தியைச் சிறுவயதுத் திறமைக்குச் சான்றாக ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். நகரக் கூடாத இடம் அது. அந்த இசைப்பள்ளி 1942-இல் அரசின் முயற்சியால் நிறுவப்பட்டது. பிரெஞ்சு பேசும் ஒரு சிறுமி, தன் மொழியிலேயே கற்பிக்கும் ஆசிரியர்களிடம், பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் செவ்வியல் பியானோ கற்க முடிந்தது என்பது தற்செயல் அன்று. ஒரு சமூகம் முன்கூட்டியே செய்துவைத்த முதலீடு. பின்னாளில் அந்தச் சிறுமி எழுதிய பாடல்களின் அடியில் அந்தப் பியானோ இருக்கிறது. பாடல்வரிகளை மட்டும் தரவாகத் திரட்டும் ஆய்வாளரின் அட்டவணையில் பியானோவுக்குக் கட்டம் இல்லை.

பதினைந்து வயதில் அவர் ‘டிசம்பர் ஸ்டிரைக்ஸ் ஃபர்ஸ்ட்’ என்னும் ஆங்கிலப் பெயர் கொண்ட போஸ்ட்-ஹார்ட்கோர் குழுவில் விசைப்பலகை வாசித்தார். பிறகு ‘போன்ஷூர் ப்ருமேர்’ என்னும் குழுவில் சில காலம் இருந்தார். மான்ட்ரியாலில் வளரும் இளைஞர் ஒருவருக்கு இந்த இரட்டைப் புழக்கம் அன்றாடம். தெருவின் ஒரு முனையில் ஒரு மொழி, மறுமுனையில் இன்னொன்று. அங்கே ஆங்கிலம் அயலாரின் படையெடுப்பாகவும் வருகிறது, அண்டை வீட்டாரின் குரலாகவும் வருகிறது. இரண்டையும் பிரித்தறியாத எந்தக் கோட்பாடும் அந்நகரத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றது.

2008 செப்டம்பரில் அவருடைய முதல் தொகுப்பு வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பியானோவும் குரலும் முன்னிற்க, பெரும்பாலும் காதலின் முறிவைப் பாடிய சிறு பாடல்கள். வெளியிட்டது ‘கிரோஸ் புவாத்’. இது ‘டேர் டு கேர் ரெக்கார்ட்ஸ்’ என்னும் மான்ட்ரியால் நிறுவனம் பிரெஞ்சுமொழிக் கலைஞர்களுக்கென வைத்திருந்த தனி முத்திரை. தாய் நிறுவனத்தின் பெயர் ஆங்கிலம். அதன் பிரெஞ்சுக் கிளையின் பெயருக்கு ‘பெரிய பெட்டி’ என்று பொருள். இந்த இரட்டைப் பெயரிலேயே அந்நகரத்தின் இசைப் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

‘இண்டி’ என்ற சொல்லை இங்கே நிறுத்தி நோக்க வேண்டும். ஆங்கில இசையுலகில் அது இன்று பெரும்பாலும் ஓர் அழகியலின் பெயர்: சற்றே ஒழுங்கற்ற ஒலிப்பதிவு, சற்றே கூச்சமான குரல், சற்றே பழைய உடை. கியூபெக்கின் பிரெஞ்சு இசையில் அது ஒரு வாழ்நிலையின் பெயர். சிறிய சந்தை என்று கருதிப் பன்னாட்டு நிறுவனங்கள் உள்ளூர்த் தயாரிப்பிலிருந்து பெருமளவு விலகிய பின், பிரெஞ்சு இசைத்தட்டுகளை உருவாக்கும் பொறுப்பை உள்ளூர் நிறுவனங்களே ஏற்றன. அங்கே சுயாதீனமாக இருப்பது தெரிவு செய்துகொண்ட பாணி அன்று. பிரெஞ்சில் பாடுவதற்கு வேறு வாசல் அதிகம் இல்லை என்பதே அதன் பொருள். அதே நகரத்தின் ஆர்கேட் ஃபயர் குழு, பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடி, 2011-இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. உலக இசை இதழ்கள் ‘மான்ட்ரியால் இண்டி’ என்று எழுதியபோது அவற்றின் கண்ணில் பட்டது பெரும்பாலும் இந்த ஆங்கிலப் பாதி மட்டுமே. மறுபாதிக்கு ஒரு சொல் மிச்சம் இருந்தது: ‘பிரெஞ்சுப் பாடல்’. ஒருவருக்கு இசையின் வகை பெயராகிறது. மற்றவருக்கு மொழியே வகையாகிவிடுகிறது. இந்தச் சமனின்மையைக் கேள்வி கேட்காமல் ‘இண்டி’ என்ற சொல்லை அப்படியே ஆய்வுத் தலைப்பில் எழுதுவோர் சந்தையின் அகராதியைத் தம் அகராதியாகக் கொள்கின்றனர்.

அடுத்து வானொலி. கனடாவின் ஒலிபரப்பு ஒழுங்காணையம் பிரெஞ்சுமொழி வானொலி நிலையங்களுக்கு விதித்துள்ள கட்டளை தெளிவானது: ஒவ்வொரு வாரமும் ஒலிபரப்பும் வெகுசனக் குரலிசைப் பாடல்களில் 65 விழுக்காடு பிரெஞ்சில் இருக்க வேண்டும். வார நாள்களில் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே 55 விழுக்காடு. கேட்போர் மிகுந்த நேரத்தில் பிரெஞ்சுப் பாடல்களைக் குறைத்துவிட்டு நள்ளிரவில் கணக்கை நேர்செய்யும் தந்திரத்தைத் தடுக்கவே இந்த இரண்டாவது விதி. பிரான்சிலும் 1994-இல் இயற்றிய சட்டத்தின்படி 1996 முதல் வானொலிகளுக்கு 40 விழுக்காட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதில் பாதி புதிய கலைஞர்களுக்கோ புதிய பதிவுகளுக்கோ உரியது. அச்சட்டம் கேட்பது பாடலின் மொழியையே தவிரப் பாடகரின் குடியுரிமையை அன்று. எனவே மான்ட்ரியாலில் பதிவான பிரெஞ்சுப் பாடலும் பாரிஸ் வானொலியின் கணக்கில் சேரும்.

மார்த்தேனின் முதல் தொகுப்பு 2009-இல் ‘பார்க்லே’ நிறுவனத்தின் வழியே பிரான்சில் வெளியானது. அதிலிருந்த ‘கொம் தெ ஸான்ஃபான்’ பாடல் 2010-இல் பிரான்சின் ‘விக்த்வார் த லா மியூசிக்’ விழாவில் ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருதைப் பெற்றது. இருபது வயதுக் கனடியப் பெண் ஒருவர், பிரான்சின் தேசிய இசை விருதைச் சொந்தமாக எழுதிய பாடலுக்காக வென்றார். இதை ‘திறமைக்குக் கிடைத்த வெற்றி’ என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை. திறமை இல்லாமல் அது நடந்திராது. ஆனால் திறமை கடந்துவந்த பாலத்தைக் கட்டியவை சட்டங்களும் ஒதுக்கீடுகளும். பாலத்தை மறைத்துவிட்டுப் பயணியை மட்டும் புகழ்வோர், நாளை பாலம் இடியும்போது பயணியையே குறை கூறுவர்.

இனி ஒலிப்பு. மொழியியல் பயின்றோர் மிகவும் விரும்பி நுழையும் பொறி இதுதான். கியூபெக் பிரெஞ்சின் சில கூறுகள் பாடநூல்களில் இடம்பெற்றவை: முன் உயர் உயிர்களுக்கு முன்னால் வரும் த, ட இன ஒலிகள் உரசொலி கலந்து ‘த்ஸ’, ‘த்ஸ’வின் ஒலிப்புடை வடிவம் என ஆவது, மூடிய அசையில் உயர் உயிர்கள் தளர்வது, நெடில்கள் ஈருயிர்களாக நெகிழ்வது. ஆய்வாளர் செவியைத் தீட்டிக்கொண்டு பாடலைக் கேட்கிறார். உரசல் ஒலித்தால் ‘கியூபெக் அடையாளத்தை வலியுறுத்துகிறார்’ என்கிறார். ஒலிக்காவிட்டால் ‘பாரிஸ் சந்தைக்கு அடிபணிகிறார்’ என்கிறார். எது கேட்டாலும் முடிவு அடையாளமே. எந்தத் தரவாலும் பொய்ப்பிக்க இயலாத கருதுகோளை அறிவியல் என்று அழைப்பதில்லை.

பாடும் ஒலிப்பைப் பற்றி மொழியியலில் நல்ல ஆய்வு இல்லாமல் இல்லை. 1983-இல் பீட்டர் டிரட்கில் பிரித்தானிய ராக் பாடகர்கள் பாடும்போது அமெரிக்க ஒலிப்பை நாடுவதையும், காலப்போக்கில் அந்த நாட்டம் குறைந்துவருவதையும் எடுத்துக்காட்டினார். அந்த ஆய்வின் வலிமை எங்கே இருந்தது? ஒரே பாடகரிடம் முரண்படும் உந்துதல்கள் ஒருங்கே இயங்குகின்றன என்று ஒப்புக்கொண்டதில். இசை வகையின் மரபு, சந்தையின் மையம், சொந்த ஊரின் பேச்சு ஆகிய யாவும் ஒரே உயிரொலியில் மோதுகின்றன என்றார் அவர். அவரை மேற்கோள் காட்டும் பிற்காலக் கட்டுரைகள் பலவற்றில் அந்த மோதல் காணாமற்போய், ‘அடையாளம்’ என்னும் ஒற்றைச் சொல் மட்டும் எஞ்சியது. மேலும், இசைத்த உயிரொலி பேசிய உயிரொலி அன்று. நீட்டிப் பாடுகையில் ஈருயிர் நெகிழ்வுக்கு இடம் மாறுகிறது. தாளம் அசையின் எல்லையை மாற்றுகிறது. ஒலிவாங்கியின் நெருக்கம் மெய்யொலியின் உரசலைப் பெருக்குகிறது. இவற்றைக் கழித்த பிறகு எஞ்சுவதே சமூகப் பொருளுக்குரிய தரவு. கழிக்காமலே பொருள் கூறுவது சோம்பல்.

இந்தச் சோம்பலுக்கு வரலாறும் உண்டு. 1960-இல் வெளிவந்த ‘அருட்சகோதரர் இன்னாரின் துடுக்குத்தனங்கள்’ என்னும் நூல், ‘ஷுவால்’ என்று அழைக்கப்பட்ட மான்ட்ரியால் உழைக்கும் மக்களின் பேச்சை வீழ்ச்சியின் அறிகுறியாகக் கண்டித்தது. எட்டே ஆண்டுகளில், 1968-இல், மிஷேல் திரம்பிளே அதே பேச்சில் ‘லெ பெல் சேர்’ நாடகத்தை மேடையேற்றினார். அதே ஆண்டில் ரொபேர் ஷார்ல்புவா அதைப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். நேற்றைய அவமானம் இன்றைய இலக்கியமானது. அன்று ‘சரியான பிரெஞ்சு பேசு’ என்று அதட்டியவர்களும், இன்று ‘சரியான கியூபெக் ஒலிப்பில் பாடு’ என்று அதட்டுவோரும் கொள்கையில் எதிரெதிரானவர்கள். செய்கையில் ஒரே தொழிலைச் செய்பவர்கள்.

இப்போது 2015. ‘ரோசஸ்’ என்னும் தொகுப்பில் ஆங்கிலப் பாடல்களும் பிரெஞ்சுப் பாடல்களும் கலந்திருந்தன. விசுவாசத்தை அளப்போருக்கு இதுவே திருப்புமுனை: ‘பிரெஞ்சைக் கைவிட்டார்’. 2018-இல் ‘புயல் வீசினால் இத்தோட்டம் மூடப்படும்’ என்று பொருள்படும் தலைப்புடன் பிரெஞ்சுத் தொகுப்பு வந்தபோது அடுத்த அத்தியாயம் தானே எழுதிக்கொண்டது: ‘தாய்மொழிக்குத் திரும்பினார்’. ஊதாரி மைந்தனின் உவமையைப் பாடகி ஒருவருக்குப் பொருத்தியாயிற்று. உவமை அழகானது, உண்மைதான் பொருந்தவில்லை.

ஏனெனில் ஆங்கிலம் 2015-இல் வந்த விருந்தாளி அன்று. 2011-இல் ஜே மாலினோவ்ஸ்கியுடன் ‘ஆர்மிஸ்டிஸ்’ என்னும் பெயரில் வெளியிட்ட குறுந்தொகுப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் ‘ப்ளோந்த்’ என்னும் பிரெஞ்சுத் தொகுப்பு வந்தது. 2014-இல் ‘ட்ரோமா’ என்னும் தொலைக்காட்சித் தொடருக்காகப் பிறர் பாடல்களை ஆங்கிலத்தில் பாடினார். அத்தொடரே பிரெஞ்சுமொழித் தொடர் என்பதைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டில் மான்ட்ரியாலில் உருவான ‘சைல்ட் ஆஃப் லைட்’ என்னும் கணினி விளையாட்டுக்கு இசையமைத்தார். ஆக, சென்றதும் இல்லை, திரும்பியதும் இல்லை. இரு மொழிகளில் வாழும் ஒருவர் இரு மொழிகளில் பணியாற்றினார். கதைக்குத் திருப்பம் வேண்டுமென்பதற்காகக் காலவரிசையை வெட்டி ஒட்டுவது நாவலாசிரியருக்கு உரிமை, ஆய்வாளருக்குக் குற்றம்.

‘ஆங்கிலத்தில் பாடுவது எளிய பணம்’ என்ற வாதமும் கணக்கில் தேறாது. கியூபெக் வானொலியில் பிரெஞ்சுப் பாடலுக்கு 65 விழுக்காட்டு அடைக்கலம் உண்டு. அதே பாடகி ஆங்கிலத்தில் பாடிய மறுகணம் அந்த அடைக்கலத்தை இழக்கிறார். எஞ்சிய சிறு பகுதிக்காக உலகின் ஆங்கிலப் பாடகர்கள் அனைவருடனும் போட்டியிட வேண்டியவராகிறார். வீட்டுச் சந்தையைப் பொறுத்தவரை ஆங்கிலம் இழப்பு. வெளிச்சந்தையைப் பொறுத்தவரை சூதாட்டம். இதைத் துரோகத்தின் கூலி என்பவர் கூலியின் கணக்கைப் பார்க்காதவர்.

‘ரோசஸ்’ காலத்தில் வெளிவந்த ஒரு பாடலுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. பிரெஞ்சு வடிவத்தின் தலைப்பு ‘ஊப்ளி முவா’, அதாவது ‘என்னை மறந்துவிடு’. ஆங்கில வடிவத்தின் தலைப்பு ‘கேரி ஆன்’, அதாவது ‘தொடர்ந்து செல்’. மெட்டு ஒன்றே. இரண்டும் ஏவல் வினைகள். ஆனால் பிரெஞ்சு ஏவலில் ‘என்னை’ இருக்கிறது. பேசுபவள் செயப்படுபொருளாக வாக்கியத்துக்குள்ளே நிற்கிறாள், தன்னை அழிக்கச் சொல்லும் அதே சொல்லால் தன்னை நிறுத்திக்கொள்கிறாள். ஆங்கில ஏவலில் அவள் இல்லை. போகிறவன் மட்டும் இருக்கிறான். ஒரே பிரிவு, இரண்டு இலக்கணங்கள். இரு மொழிகளில் எழுதும் ஒருவரிடம் மொழியியலாளர் காண வேண்டிய அரிய பொருள் இது. சுங்கச்சாவடியில் அமர்ந்திருப்பவருக்கோ இது ‘ஒரு பிரெஞ்சு, ஓர் ஆங்கிலம்’ என்று பதிவேட்டில் இரண்டு கோடுகள்.

2016 ஜூனில் ஆர்லாண்டோ நகர விடுதியில் நடந்த படுகொலைக்குப் பின், மார்த்தேன் தம்மைக் குயர் என்று வெளிப்படையாக அறிவித்துத் திறந்த மடல் ஒன்றை எழுதினார். அது வெளியானது ‘நாய்சி’ என்னும் ஆங்கில இசை இதழில். அந்தக் கொலைகள் நடந்த நாட்டின் மொழியில், அந்தத் துயரத்தில் பங்கேற்றோர் படிக்கக்கூடிய இடத்தில் அம்மடல் வந்தது. இதையும் மொழி விசுவாசத்தின் தராசில் வைக்க எவருக்கேனும் துணிவு உண்டா? இல்லையெனில், தராசு எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொண்டாயிற்று. எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று முன்கூட்டியே சொல்ல இயலாத தராசு அளவுகருவி அன்று. அது தண்டிக்கும் கோல்.

வாழ்க்கையின் மிக முக்கியமான மொழிச்செயல் இனிமேல்தான் வருகிறது. அது ஒரு பாடல் அன்று. 2020 கோடையில் கியூபெக்கின் கலைத்துறையில் பாலியல் அத்துமீறல் குறித்த குற்றச்சாட்டுகள் அலையாக எழுந்தன. மார்த்தேனின் பாடல்களை வெளியிட்டுவந்த நிறுவனத்தைச் சேர்ந்த கலைஞர் ஒருவர்மீதும் குற்றச்சாட்டு எழ, நிறுவனத்தின் தலைவர் விலகினார். அவரோடு ஒப்பந்தத்திலிருந்த மற்றக் கலைஞர்களின் எதிர்காலம் கேள்விக்குள்ளானது. கலைஞர்கள் இத்தகைய தருணத்தில் வெளியேறுவதே வழக்கம். மார்த்தேன் வேறொன்று செய்தார். 2021-இல் அந்த நிறுவனத்தையே கையகப்படுத்தினார். அதற்கு ‘பிராவோ மியூசிக்’ என்று புதுப்பெயர் வைத்தார். பதினெட்டு வயதில் ஒப்பந்தத் தாளில் கையெழுத்திட்டவர், முப்பத்தொரு வயதில் அந்தத் தாளின் மறுபக்கத்துக்குச் சென்றார்.

இதன் மொழியியல் பொருள் என்ன? பிரெஞ்சில் பாட விரும்பும் இன்னொரு பதினெட்டு வயதுப் பெண்ணின் முதல் தொகுப்பு வெளிவருமா வராதா, அவள் எந்த அறையில் எவர் முன்னிலையில் பதிவு செய்வாள், அச்சமின்றிப் பதிவு செய்வாளா என்பவற்றைத் தீர்மானிக்கும் இடத்துக்கு ஒரு பாடலாசிரியர் வந்து சேர்ந்தார். பெண்கள் அஞ்சி விலகும் துறையில் எந்த மொழியும் செழிக்காது. பாதிப் பேரின் குரலை இழந்த மொழிக்கு ஒதுக்கீடு எத்தனை விழுக்காடாக இருந்தால் என்ன? அந்த உரிமை மாற்றம் ஆயிரம் பிரெஞ்சுப் பாடல்களுக்கு நிகரான மொழிச்செயல். ஆனால் அதில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள ஓர் உயிரொலிகூட இல்லை. எனவே மொழித்தெரிவுக் கட்டுரைகளில் அதற்கு அடிக்குறிப்பும் இல்லை.

அதே 2021-இல் நிகழ்ந்த இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குரல்நாண் சிக்கலால் அவரால் பாட இயலாமற்போன காலத்தில் ‘பெர்செயித்’ என்னும் தொகுப்பு வெளிவந்தது. முழுவதும் பியானோ, ஒரு சொல்லும் இல்லை. அது எந்த மொழித் தொகுப்பு? வானொலி விதி குரலிசையை மட்டுமே எண்ணுகிறது. எனவே ஒதுக்கீட்டின் கணக்கில் அது பூச்சியம். அடையாளக் கட்டுரையின் கணக்கிலும் பூச்சியம். ஆயினும் ஒன்பது வயதில் தொடங்கிய கல்வியின் தொடர்ச்சி அது; அந்த நகரத்தின் இசைக் கல்வி, பதிவுத் தொழில், கேட்போர் கூட்டம் ஆகிய மூன்றும் உயிரோடிருப்பதன் சான்று அது. அதே ஆண்டு அக்டோபரில் ‘அம்பொசிப்ல் அ எமே’ என்னும் பிரெஞ்சுத் தொகுப்பும் வந்தது. குரல் மீண்டது. மொழி எங்கும் போயிருக்கவில்லை.

விசுவாசம் கேட்போரின் அச்சம் பொய்யானது என்று யாரும் சொல்ல வேண்டாம். அச்சம் மெய்யானது. கனடாவில் பிரெஞ்சை முதல் ஆட்சிமொழியாகக் கொண்டோரின் பங்கு 2016 கணக்கெடுப்பில் 22.2 விழுக்காடு, 2021-இல் 21.4. கியூபெக்கிலேயே வீட்டில் முதன்மையாகப் பிரெஞ்சு பேசுவோரின் பங்கு அதே ஐந்தாண்டில் 79.0-இலிருந்து 77.5 விழுக்காடாகக் குறைந்தது. 1977-இல் பிரெஞ்சு மொழிச் சாசனத்தை இயற்றிய சமூகம் இந்த எண்களைக் கண்டு கலங்குவது நியாயம். நியாயமற்றது, அந்தக் கலக்கத்தை இறக்கிவைக்கத் தேடும் தோள். அது எப்போதும் ஒரு தனிக் கலைஞரின் தோளாக இருக்கிறது. பல வேளைகளில் ஓர் இளம்பெண்ணின் தோளாக இருக்கிறது.

உண்மையில் விதியை வளைத்தவர் எவர்? பல ஆங்கிலப் பாடல்களின் துண்டுகளை ஒட்டி ஒரே தொகுப்பாக ஒலிபரப்பி, கணக்கில் அதை ஒரே பாடலாகக் காட்டும் உத்தியைக் கையாண்டவை வானொலி நிலையங்கள். பாடகர்கள் அல்லர். அதைவிடப் பெரிய ஓட்டை இன்று வேறிடத்தில் இருக்கிறது. இளையோர் இசை கேட்பது இணையவழி ஒலியோடைகளில். அங்கே 65 விழுக்காடும் இல்லை, 55 விழுக்காடும் இல்லை. எந்தப் பாடல் அடுத்து ஒலிக்கும் என்பதை முடிவு செய்யும் வழிமுறை எந்த மொழிக்கும் கணக்குக் காட்டுவதில்லை. கனடிய நாடாளுமன்றம் 2023 ஏப்ரலில் இணையவழி ஒலிபரப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2024-இல் ஒழுங்காணையம், கனடாவில் பெரும் வருவாய் ஈட்டும் ஓடை நிறுவனங்கள் அதில் 5 விழுக்காட்டை உள்நாட்டு ஒலிபரப்பு வளர்ச்சிக்குத் தர வேண்டும் என்று ஆணையிட்டது. நிறுவனங்கள் நீதிமன்றத்தை நாடின. மொழியின் எதிர்காலம் குறித்த போர் நடப்பது அங்கே. போர்க்களம் ஓரிடத்தில் இருக்க, ஒரு பாடகியின் ஆங்கிலப் பாடல்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பது வீரம் ஆகாது.

மறுதரப்புக்கும் ஒரு சொல். ‘இசைக்கு மொழியில்லை, எந்த மொழியில் பாடினால் என்ன?’ என்று புன்னகைக்கும் உலகப் பொதுமையர் இந்தக் கட்டுரையைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டாம். இசைக்கு மொழியில்லை என்று சொல்வது எப்போதும் பெரிய மொழிக்கு வசதியான வாக்கியம். சுங்கச்சாவடியை அகற்ற வேண்டும் என்பதற்குச் சாலையே வேண்டாம் என்று பொருள் இல்லை. ஒதுக்கீடு வேண்டும், அரசு இசைப்பள்ளி வேண்டும், உள்ளூர் உரிமையுள்ள வெளியீட்டு நிறுவனம் வேண்டும், ஓடைகளுக்கு விதி வேண்டும். இவை அனைத்தும் இருக்கும்போதுதான் கலைஞர் எந்த மொழியிலும் பாடும் உரிமை பொருளுள்ள உரிமையாகிறது. இவை இல்லாத இடத்தில் ‘தெரிவு’ என்பது ஒரே கதவு உள்ள வீட்டில் எந்தக் கதவு வழியாகச் செல்வாய் என்று கேட்பதுதான். மொழியைக் காக்கும் கடமை அமைப்புகளுக்கு உரியது. மொழியில் விளையாடும் உரிமை கலைஞருக்கு உரியது. கடமையைக் கலைஞர்மீதும் உரிமையை நிறுவனங்கள்மீதும் சுமத்துவதே இன்றைய தலைகீழ் ஒழுங்கு.

ஆய்வு மாணவர்கள் அடுத்த முறை ஒரு பாடகரை ஆய்வுப்பொருளாக எடுக்கும்போது, பாடல்வரிகளை அட்டவணையிடும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடட்டும். இவருக்கு இசை கற்பித்த பள்ளிக்கு யார் பணம் தந்தார்? இவருடைய ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் இருக்கிறது? இவருடைய பாடல் கேட்போரைச் சென்றடையும் வழியில் யார் அமர்ந்திருக்கிறார், அவர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார்? இம்மூன்றுக்கும் விடை கண்ட பிறகு, உயிரொலிகளுக்கு வரலாம். அப்போது அவையும் அதிகம் பேசும்.

1990-இல் ஒரு பாடகி மேடையில் நின்று ‘இது என் பெயர் அன்று’ என்ற பொருளில் விருதைத் திருப்பித் தந்தார். 2021-இல் இன்னொரு பாடகி, பெயர் சூட்டும் இடத்தையே விலைகொடுத்து வாங்கினார். இவ்விரு செயல்களுக்கும் இடையிலான தொலைவே ஒரு மொழிச்சமூகத்தின் கலை கடந்துவந்த தொலைவு. அதை அளக்கத் தெரியாத அளவுகோலைத்தான் மாற்ற வேண்டும்; பாடகியை அன்று.